இறம்பொடை பஸ்ஸும் என் வகுப்பறைச் சுவரும்

ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்குப் பாடம் நடத்தத் தெரிகிறதோ இல்லையோ, கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் பாதி பிரிஸ்டல் போர்டு அட்டையை வெட்டுவது. மீதிப் பாதி, வெட்டியது சுவரிலிருந்து விழும்போது மறுபடி ஒட்டுவது. நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினாறு வருடமாக இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். இதை வாசிப்பவர்களில் விரலிடுக்கில் பசை காய்ந்திருப்பவர்கள் எல்லோரும் என் கட்சி. மற்றவர்கள் எங்களைப் போன்ற ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டு, சாப்பாட்டு மேசையில் கலர்த் தாள்களை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டவர்களாக இருக்கலாம். அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், வாருங்கள்.

உப்புப் போட்ட பசை

மலைநாட்டில் சுவர் அலங்காரத்துக்கு முதல் எதிரி மூடுபனி. காலையில் விறைப்பாக ஒட்டிய தாள், பத்து மணிக்குப் பனி உள்ளே வந்து போன பிறகு நமத்துப்போன அப்பளமாகத் தொங்கும். கடைப் பசை தாங்காது என்று கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினேன். மாப்பசை புளிக்காமல் இருக்க உப்புச் சேர்க்கச் சொல்லி மூன்றாம் ஆண்டு டீச்சர் யோசனை தந்தார். நான் தாராளமாக ஒரு கை அள்ளிப் போட்டேன். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் படங்களோடு சுவரில் ஏறின. எங்கள் வகுப்பறைக்கு ஒரு பக்கம் அரைச்சுவர்தான் என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் 'அ' முதல் 'ஊ' வரை காணவில்லை. 'எ'யில் பாதி மிச்சம் இருந்தது. வகுப்பின் நடுவில், வாயோரம் ஒரு சிவப்புத் தாளோடு, பஞ்சவர்ணம் அக்காவின் ஆடு நின்றது. பஞ்சவர்ணம் அக்கா பாடசாலைக்கு அடுத்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர். ஆத்திரத்தில் ஆள் அனுப்பினேன். வந்தவர் ஆட்டைப் பார்க்கவில்லை, நேரே சுவரிடம் போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பசையில உப்புப் போட்டீங்களா டீச்சர்? அப்ப இதக் குத்தம் சொல்ல முடியாதுங்க, உப்புன்னா இது உசுர விடும்."

மஞ்சள் பட்டாம்பூச்சி

ஆட்டுக்கு எட்டாத இடம் கூரைதான் என்று முடிவு செய்து, அடுத்த தவணையில், போன வருடத் தொடக்கத்தில், மேலே போனேன். முப்பது பட்டாம்பூச்சிகளை வெட்டி, நூலில் கட்டி, கூரைச் சட்டங்களில் தொங்கவிட்டேன். அரைச்சுவர் வழியாக வரும் காற்றுக்கு அவை சுற்றுவதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பக்கத்து வகுப்பு டீச்சர்மார் வந்து வாயால் பாராட்டி, மனதால் எரிந்துவிட்டுப் போனார்கள். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய விருது கிடையாது.

அன்று கணித பாடம். கரும்பலகையில் ஏழையும் ஐந்தையும் கூட்டிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டல் கணக்குக்கு இவ்வளவு கவனமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எல்லாக் கண்ணும் என் தலைக்கு இரண்டடி மேலே இருப்பது தெரிந்தது. முன்வரிசை ரோஷனை எழுப்பி, "இவ்வளவு நேரம் என்ன கவனிச்ச, சொல்லு" என்றேன். அவன் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு, கவனித்ததை உள்ளபடியே சொன்னான்.

"எல்லாப் பூச்சியும் சுத்துது டீச்சர், அந்த மஞ்சப் பூச்சி மட்டும் காலையில இருந்து இந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

பிரம்பு பிடித்த தினுஷா

இந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் அசைகிற ஆளா நான்? அதே வருடம் என் வகுப்பு தோட்டம் முழுக்கப் பேச்சாக இருந்தது. நாற்பது சொற்கள், நாற்பது படங்கள், உப்பில்லாத பசை. ஒவ்வொரு முதலெழுத்துக்கும் ஒரு நிறம். இலை பச்சைத் தாளில் கரும்பலகைக்கு இடப்பக்கம், யானை சாம்பல் தாளில் ஜன்னலுக்குப் பக்கத்தில், ரயில் சிவப்புத் தாளில் கதவுக்கு மேலே. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட வெற்றிடம் விடவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிரம்பால் தொட்டுத் தொட்டு வாசித்தார்கள். எல்லோரையும்விட நன்றாக வாசித்தவள் தினுஷா. வகுப்பிலேயே சின்ன உருவம், அதிகம் பேசமாட்டாள், ஆனால் அன்று நாற்பதையும் ஒரு பிழையில்லாமல் முடித்தாள். அவள் அம்மா ஜெயராணி கொழுந்து எடுப்பவர். தம்பிகளைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டாம் ஆண்டோடு பாடசாலையை விட்டவர். மகள் வாசித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"இனிமே பஸ்ஸுக்கும் மருந்துத் துண்டுக்கும் நான் யாருகிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல டீச்சர், எம்புள்ள இருக்கா."

பச்சை போர்டு

அடுத்த மாதம் ஒரு நாள், பகல் கொழுந்து நிறுவை முடிந்து திரும்பும் வழியில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் முதுகில் கூடையோடும் ஜெயராணி வகுப்பு வாசலில் வந்து நின்றார். சிரிப்பு இல்லை. இறம்பொடையில் இருக்கும் அவருடைய அக்கா மகளுக்குச் சடங்கு. ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் பலகாரப் பெட்டியோடு நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று இரண்டு பேர் வலிய வந்து கேட்டும், மகள் பார்த்துக்கொள்வாள் என்று ஜெயராணி பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தினுஷாவும் ஒரு பஸ்ஸைக் கைகாட்டியிருக்கிறாள். கூட்டத்துக்குள் கண்டக்டர் இவர்களிடம் வந்து சேர்ந்தபோது பஸ் பாதித் தூரம் தாண்டிவிட்டது. அது பட்டிப்பொல பஸ். கீழே இறங்க வேண்டியவர்கள் மேலே ஏறி, குளிரில் நடுங்கி, அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்கள். சடங்குக்குப் போகவே முடியவில்லை. வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அக்கா இப்போது தொலைபேசியைக்கூட எடுப்பதில்லையாம்.

நான் தினுஷாவை அழைத்து மெதுவாகக் கேட்டேன். போர்டு பச்சை நிறத்தில் இருந்ததாம். பச்சை என்றால் 'இ'தானே என்றாள். ஜெயராணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"ஒங்க வகுப்புக்குள்ள மட்டும்தான் வாசிப்பாளா டீச்சர், வெளியில வாசிக்க வராதா?"

இடம் மாறிய யானை

அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய், படங்களை மடித்து மறைத்து, சொற்களை மட்டும் வெள்ளைத் தாளில் எழுதி, இடம் மாற்றி ஒட்டினேன். ரயில் ஜன்னலுக்குப் பக்கம் வந்தது, யானை கதவுக்கு மேலே போனது.

பிள்ளைகளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. பிரம்பை எடுத்தார்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் தொட்டு "யானை" என்றார்கள், கதவுக்கு மேலே தொட்டு "ரயில்" என்றார்கள். இருபத்திரண்டு பேரில் ஐந்து பேர்தான் நின்று யோசித்தார்கள். தினுஷா அந்த ஐந்தில் இல்லை. இத்தனை நாளும் அவர்கள் வாசித்தது எழுத்தை அல்ல, என் அறையை. தப்பு அவர்கள்மேல் இல்லை. அழகாக வழிகாட்டி வைத்தவள் நான். "நல்லா பாரு, இது 'யா'வா?" என்று கேட்டதும், தினுஷா எனக்குத்தான் ஏதோ மறந்துபோய்விட்டது என்று நினைத்து, பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"யானை எப்பவும் ஜன்னலுக்கிட்டதானே டீச்சர் இருக்கும், அது எங்கயும் போகாதே."

கவாத்து

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றினேன். நாற்பது படங்களும், ஓரத்துப் பூவேலையும், வாசலில் இருந்த, தெர்மோகோல் போன்ற ரெஜிபோமில் செய்த சூரியனும் இறங்கி அட்டைப் பெட்டிகளுக்குள் போயின. பிள்ளைகள் கெஞ்சியதால் மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். தேயிலைச் செடியைக் கட்டை வரைக்கும் வெட்டிவிடும் கவாத்து முடிந்த மலையைப் பார்த்திருக்கிறீர்களா? என் வகுப்பு அப்படி இருந்தது. சுவரில் பழைய பசைத் திட்டுகள் மட்டும் தெரிந்தன. பாடசாலை அதிபர் எட்டிப் பார்த்து, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆலோசகர் வரப்போகிற தவணையிலா இந்த வேலை என்று தலையில் கைவைத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அழுகை வந்தது. பதினாறு வருடத்து விரல்வலி அந்த அட்டைப் பெட்டிகளுக்குள் கிடந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். லயத்துக் காம்பிரா அறையைக் காலி செய்கிறவர்கள் கடைசியாகச் சுவரிலிருக்கும் சாமிப் படத்தையும் கலண்டரையும் கழற்றுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். யாரும் உள்ளே வரவில்லை. ரோஷன்தான் எல்லோருக்காகவும் கேட்டான்.

"எங்கள விட்டுட்டு மாத்தலாகிப் போறீங்களா டீச்சர்?"

ஆளுக்கொரு நெர

போகவில்லை. ஆனால் வெறும் சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஒரு பகல் இடைவேளையில், எதிர் மலையில் பெண்கள் கொழுந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை ஒதுக்கிக் கொடுப்பார்கள், நெர என்பார்கள். அந்த நெரயில் இருக்கும் கொழுந்துக்கு அவர்தான் பொறுப்பு. நானும் சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டு இருபத்திரண்டு நெர பிரித்தேன். எந்தச் சொல் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். நான் வெள்ளைத் துண்டில் கறுப்பு மையால் எழுதி அவரவர் நெரயில் ஒட்டுவேன். படம் இல்லை, நிறம் இல்லை. அதே சொல்லை வகுப்புக்கு வெளியே, குழாயடிச் சுவரிலும் மணலிலும் நான் எழுதி வைப்பதிலோ, பழைய பத்திரிகையிலோ, எங்கேயாவது பார்த்து வாசித்துவிட்டால், துண்டைப் பறித்துத் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

ரொட்டி, சாக்கு, அட்டை, மாசிச் சம்பல் எல்லாம் சுவரில் ஏறின. என்னுடைய ஒட்டகத்தையும் ஔடதத்தையும் ஒருவரும் கேட்கவில்லை. தினுஷா கேட்ட முதல் சொல் இறம்பொடை. இரண்டாவது பட்டிப்பொல. ரோஷனுக்கு நான் கொடுக்காத பதவி ஒன்று தானாக வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கங்காணி போல நெர நெரயாக நடந்தான். முற்றிய இலை கலந்திருந்தால் நிறுவையில் கொட்டிவிடுவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள், பாதி வாசித்துவிட்டு அவசரமாகத் துண்டைப் பைக்குள் போட்ட ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்து என் மேசைக்கு இழுத்து வந்தான்.

"டீச்சர், இவ முத்தலையும் சேத்துப் பறிக்கிறா, கொட்டச் சொல்லுங்க."

ஒற்றைத் துண்டு

தவணை முடிவில் ஆலோசகர் வந்தார். வகுப்புக்குள் வந்ததும் அவர் கண் சுவரைச் சுற்றியது. பிள்ளைகள் பறித்துப் பறித்துச் சுவர் அநேகமாகக் காலி. கூரையில் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி, கரும்பலகைக்கு அடியில் ஒரே ஒரு வெள்ளைத் துண்டு. அவர் கையிலிருந்த படிவத்தில் வகுப்பறை அலங்காரத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அதன்மேல் நின்றது. அதிபர் என்னைப் பார்த்தார். நான் பட்டாம்பூச்சியைப் பார்த்தேன்.

"சுவர் ஏன் இப்படி இருக்கு?" என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டதும், எல்லோரும் பைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் தினுஷாவின் பையை வாங்கி, மேசையில் கொட்டிக் கலைத்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள், பிரம்பு பிடித்த நாளின் வேகம் இல்லை. ஒரு சொல்லில் நின்றாள், எழுத்தெழுத்தாகக் கூட்டினாள், பிறகு சொன்னாள். ஆலோசகர் பேனாவை மூடினார். சுவரில் மிஞ்சியிருந்த துண்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "இறம்பொடை" என்றாள் உடனே. பிறகு ஏன் பறிக்கவில்லை என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவருக்குச் சட்டத்தை விளக்கினாள்.

"இது எங்க இருக்குன்னு எனக்குப் பழகிருச்சு சேர், பஸ்ல பாத்து வாசிச்சாதான் எடுப்பேன்."

பஸ் நிலையம்

விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை இறம்பொடைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக நுவரெலியா பஸ் நிலையத்துக்கு வந்தேன். நல்ல மூடுபனி. மூன்று பஸ்கள் வரிசையாக நிற்க, முன்னால், அக்காவைச் சமாதானம் செய்யத்தான் போலும், பலகாரப் பெட்டியோடு ஜெயராணியும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தினுஷாவும் நின்றார்கள். என்னைக் கவனிக்கவில்லை. கூப்பிட வாயெடுத்தேன், பிறகு ஒரு கடை ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். ஒரு கண்டக்டர் அவர்களிடம் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். ஜெயராணி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். "கொஞ்சம் இருங்க தம்பி, புள்ள பாக்கட்டும்." இவ்வளவு நடந்த பிறகும் அந்தத் தாய் மறுபடியும் மகளைத்தான் நம்பினார்.

தினுஷா முதல் பஸ்ஸைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். இரண்டாவது, பச்சை போர்டு. அதன் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்று, விரலால் காற்றில் எழுத்தைத் தொட்டு, அதையும் விட்டாள். மூன்றாவது பஸ்ஸின் போர்டு மழையில் சாயம் போய் நிறமே இல்லாமல் இருந்தது. அண்ணாந்து பார்த்து, கண்டக்டருக்கும் கேட்கும்படி "இ... ற... ம்... பொ... டை" என்றாள். மறுபடி ஒரு தடவை சேர்த்துச் சொன்னாள். ஜெயராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். படியில் கால் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், போர்டைச் சரிபார்க்கத் திரும்பினேன். ஜன்னல் வழியாக என்னைக் கண்டுவிட்ட ஜெயராணி, தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

"பயப்படாம ஏறுங்க டீச்சர், சரியான பஸ்தான், எம்புள்ள வாசிச்சிட்டா."

புதுத் தவணையின் முதல் நாள் தினுஷா அந்தக் கடைசித் துண்டையும் பறித்துக்கொண்டாள். ஆகவே, பதினாறு வருடமாக நான் வெட்டி ஒட்டிய அலங்காரத்தால் முழுதாகப் பயனடைந்தது யார் என்று என்னைக் கேட்டால், பஞ்சவர்ணம் அக்காவின் ஆட்டைத்தான் சொல்வேன்.